இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தால் கிரப் எதை ஹெச்டி0 என்கிறது?

என் பழைய மேசைக் கணினியில் ஒரு டிஸ்க்கில் லினக்ஸ், இன்னொன்றில் விண்டோஸ். பேக்கப் எடுத்த யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்ற மறந்து ஒருநாள் ஆன் செய்தேன். கிரப் (கணினி ஆன் ஆனதும் லினக்ஸா விண்டோஸா என்று கேட்டுத் திறக்கும் நிரல்) காட்டிய மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்ததும் ‘நோ சச் பார்ட்டிஷன்’, அதாவது டிஸ்க்கில் அப்படி ஒரு பிரிவு இல்லை, என்று நின்றுவிட்டது. டிஸ்க் எதுவும் கெடவில்லை, எண்தான் மாறியிருந்தது. யூஎஸ்பி டிஸ்க் ஹெச்டி1 ஆகிவிட, விண்டோஸ் டிஸ்க் ஹெச்டி2-க்குத் தள்ளப்பட்டிருந்தது.

எந்த டிஸ்க்குக்கும் நிரந்தர எண் கிடையாது. பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் இயங்கும் மென்பொருள்) தன் வரிசைப்படி முதல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஹெக்ஸ் (16 அடிமான) கணக்கில் 80, அடுத்ததற்கு 81 என்று கொடுக்கும். கிரப் அவற்றைத்தான் ஹெச்டி0, ஹெச்டி1 என்கிறது. பெரும்பாலும், எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆகிறதோ அதற்கே 80 கிடைக்கும். அதனால் பூட் வரிசையை மாற்றினால் எண்ணும் மாறும். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் வேறு கணக்கு. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கண்டுபிடித்த வரிசை. எஸ்டிஏதான் ஹெச்டி0 என்று நம்பிவிடாதீர்கள்.

இனி உங்கள் கணினியிலேயே பாருங்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பை எழுதுகிறேன்.

படி 1: கிரப் மெனு வந்ததும் ‘சி’ விசையை அழுத்துங்கள். கட்டளை வரி திறக்கும்.

படி 2: ‘எல்எஸ்’ என்று தட்டி என்டர் அழுத்துங்கள். (ஹெச்டி0) (ஹெச்டி0,ஜிபிடி1) (ஹெச்டி1) (ஹெச்டி1,எம்எஸ்டாஸ்1) என்பதுபோல் வரும். ஜிபிடி, எம்எஸ்டாஸ் என்பவை பார்ட்டிஷன் அட்டவணையின் வகைகள். டிஸ்க் 0-இல் தொடங்கும், பார்ட்டிஷன் 1-இல் தொடங்கும். பழைய கிரப் லெகசியில் இரண்டுமே 0-இல் தொடங்கும். அந்தக் காலத்துக் குறிப்பைப் பார்த்து அப்படியே தட்டினால் நினைத்த பார்ட்டிஷனுக்கு முந்தையதில் போய் நிற்பீர்கள்.

படி 3: எது எந்த டிஸ்க்? ‘எல்எஸ் -எல்’ கொடுத்தால் அளவு, லேபிள், யூயூஐடி (ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உரிய தனி அடையாளக் குறியீடு) எல்லாம் வரும். அளவை வைத்தே பாதி புரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ‘எல்எஸ் (ஹெச்டி0,ஜிபிடி2)/’ என்று உள்ளே எட்டிப்பாருங்கள். கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டால் ஃபைல்கள் தெரியாது. ஈடிசி, ஹோம், யூஎஸ்ஆர் என்ற ஃபோல்டர்கள் தென்பட்டால் அதுதான் லினக்ஸ்.

படி 4: நான் தவறியது இங்கேதான். 40_கஸ்டம் ஃபைலில் விண்டோஸுக்காக நானே எழுதிய மெனுவில் ‘செட் ரூட்=(ஹெச்டி1,எம்எஸ்டாஸ்2)’ என்று எண்ணையே போட்டிருந்தேன். லினக்ஸுக்குள் போய் ‘சுடோ பிஎல்கேஐடி’ கொடுத்து, விண்டோஸ் பார்ட்டிஷனின் யூயூஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாதவரை அது மாறாது. எண் இருந்த வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

செர்ச் --எஃப்எஸ்-யூயூஐடி --செட்=ரூட் (குறித்துவைத்த யூயூஐடி, அடைப்புக்குறி இல்லாமல்)

சேமித்ததும் உபுண்டு, டெபியனில் ‘சுடோ அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள். பிறகு யூஎஸ்பி டிஸ்க்கை வேண்டுமென்றே செருகிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். நானும் அப்படித்தான் சோதித்தேன். விண்டோஸ் நேராகத் திறந்தது.