‘நெஃபெஷ்’ என்றால் ஆத்துமாவா, கழுத்தா? எபிரெயச் சொல்லுக்குப் பொருள் பார்ப்பது எப்படி

எபிரெய எழுத்து தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். தமிழ் பைபிள், ஸ்ட்ராங் எண் (பைபிளின் ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஸ்ட்ராங் அகராதி தரும் எண்) காட்டும் ஒரு தளம், ஒரு நோட்டு போதும். நான் சிபாரிசு செய்வது ப்ளூ லெட்டர் பைபிள். எபிரெய மூல வாசகத்துக்கு செஃபாரியா என்ற தளம்.

1. ஆதியாகமம் 2:7-ஐத் திறந்து ‘ஜீவாத்துமா’ என்ற இடத்தின் எண்ணைப் பாருங்கள்: 5315, நெஃபெஷ். கூடவே வருவது ‘ஹய்யா’, அதாவது உயிருள்ள.

2. அந்த எண்ணைச் சொடுக்கினால் 700-க்கும் மேற்பட்ட இடங்கள் கொட்டும். எல்லாம் வேண்டாம், பத்து போதும். ஆதியாகமம் 1:24-இல் அதே ‘நெஃபெஷ் ஹய்யா’ மிருகங்களுக்கு வருகிறது, தமிழில் ‘ஜீவஜந்துக்கள்’. யாத்திராகமம் 1:5-இல் எழுபது ‘பேர்’. லேவியராகமம் 17:11-இல் இரத்தத்தில் இருக்கும் ‘உயிர்’. எண்ணாகமம் 6:6-இல் ‘பிரேதம்’. நீதிமொழிகள் 23:2-இல் ‘போஜனப்பிரியன்’: மூலத்தில் ‘நெஃபெஷுக்குச் சொந்தக்காரன்’, பெருந்தீனிக்காரன். (அங்கே கத்தி வைக்கச் சொல்லும் ‘தொண்டை’ வேறு சொல். குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

3. பலரும் சறுக்குவது இங்கேதான். சங்கீதம் 69:1-இல் வெள்ளம் ‘என் ஆத்துமாமட்டும்’ பெருகிவருகிறது. செஃபாரியாவில் 69:1-ஐத் திறந்தால் வெள்ளமும் இல்லை, நெஃபெஷும் இல்லை. பாடகர் தலைவனுக்கான தலைப்புதான் இருக்கும். எபிரெயத்தில் தலைப்பே முதல் வசனமாகிவிடுவதால், நீங்கள் தேடுவது 69:2. தலைப்பு நீளமான சில சங்கீதங்களில் இரண்டு எண் தள்ளும், 51 அப்படித்தான். யோனாவிலும் இதே தொல்லை: மீன் விழுங்கும் 1:17 எபிரெயத்தில் 2:1 ஆகிவிடுகிறது. அதனால் நம் 2:5 அங்கே 2:6.

எண் சரியானதும் சங்கீத வசனம், யோனா வசனம் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ‘அத் நெஃபெஷ்’ (சங்கீதத்தில் வாக்கிய நிறுத்தத்தால் ‘நாஃபெஷ்’ என நீளும்), ‘நெஃபெஷ் வரை தண்ணீர்’. தமிழில் ஒன்று ‘ஆத்துமாமட்டும்’, மற்றது ‘பிராணபரியந்தம்’. சங்கீதத் தமிழில் வரும் ‘என்’ எபிரெயத்தில் அந்த இடத்தில் இல்லவே இல்லை. தண்ணீர் ஏறி நிற்கும் இடம் எது? கழுத்துதான். பாதாளம் வாயைத் திறக்கும் ஏசாயா 5:14-இலும் இதே சொல், அங்கே தொண்டை. எபிரெயத்தின் உறவுமொழியான, பண்டைய மெசொப்பொத்தேமியாவின் அக்காத்தியத்தின் ‘நபிஷ்து’வுக்கும் உயிர், தொண்டை இரண்டும் பொருள்.

4. இப்போது அகராதி. முதலிலேயே திறந்தால் பட்டியலில் பிடித்த பொருளைப் பொறுக்கி எல்லா வசனத்திலும் ஒட்டத் தோன்றும். ஸ்ட்ராங் (1890) பட்டியலின் கடைசிப் பகுதி அகராதியே அல்ல. கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கில பைபிள் எந்தெந்தச் சொல்லைப் போட்டிருக்கிறது என்ற கணக்கு. பொருளுக்கு 1906-இல் வந்த பிரவுன்–டிரைவர்–பிரிக்ஸ் அகராதி மேல், வசனவாரியாகப் பிரித்திருக்கும்.

‘நஃப்ஷி’ என்று கண்டால் வேறு சொல் என்று விட்டுவிடாதீர்கள். ‘என் நெஃபெஷ்’ அது. சங்கீதம் 103:1-இன் ‘என் ஆத்துமாவே’ இதுவே. சொல் பெண்பால் என்பதால் ‘ஸ்தோத்திரி’ என்ற ஏவலும் அங்கே பெண்பாலில், ‘பாரகி’ என்று நிற்கும்.