விண்டோஸ் 11-க்கு மாறும் முன்: டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் சரியான வரிசையில் இயக்குவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ நிறுவப் போனால், கணினி குறைந்தபட்சத் தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்ற செய்தி பலருக்கு வருகிறது. அதைப் பார்த்தவுடன் புதுக் கணினி வாங்கியாக வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2018-க்குப் பிறகு வந்த கணினிகளில் பெரும்பாலும் தேவையான பாதுகாப்பு வசதிகள் உள்ளேயே இருக்கும்: சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0, நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இயக்குவது கடினமில்லை. வரிசைதான் முக்கியம். அது மாறினால் கணினி பூட் ஆகாமல் நின்றுவிடலாம், அல்லது டிஸ்க்கைத் திறக்க உங்களிடம் இல்லாத 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். கீழே உள்ள படிகளை ஒன்றையும் தாண்டாமல் அதே வரிசையில் செய்யுங்கள்.

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பிலும், அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்திலும் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: முதலில் ப்ராசசரைப் பாருங்கள்

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'எம்எஸ்இன்ஃபோ32' (msinfo32) என்று தட்டி என்டர் கொடுங்கள். திறக்கும் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" பக்கத்தில் "ப்ராசசர்" என்ற வரியைப் பாருங்கள். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்: ஐ5-8400, ஐ3-10100 போன்ற எண்களில் கோட்டுக்குப் பின் வரும் 8, 10 தான் தலைமுறை. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். இதில் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி இரண்டும் பெயரில் 2000 வரிசையாக இருந்தாலும் உள்ளே முந்தைய வடிவமைப்பைக் கொண்டவை. மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை.

ப்ராசசர் பட்டியலில் இல்லையென்றால் பயாஸில் எதை மாற்றியும் பயனில்லை. 6, 7-ஆம் தலைமுறை இன்டெல் கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருக்கிறது, ஆனாலும் ப்ராசசர் காரணமாகவே தடுக்கப்படுகின்றன. சோதனையை ஏமாற்றி நிறுவும் வழிகள் இணையத்தில் கிடைக்கும். முக்கியமான கோப்புகள் உள்ள கணினியில் அவற்றைச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் கட்டளைகள் இல்லாத பழைய ப்ராசசர்களில் விண்டோஸ் அறவே ஓடாமல் போனது. அதைவிட, விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருந்துகொண்டு "விண்டோஸ் அப்டேட்" பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்வது நல்லது. வீட்டுப் பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை அறிவிக்கப்பட்டது.

ராம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி என்பவையும் விதிகள்தான். இவற்றில் சிக்குபவர்கள் குறைவு. ஆனால் அதே பக்கத்தில் "சிஸ்டம் டைப்" வரியில் எக்ஸ்64 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 32-பிட் விண்டோஸ் 10-இலிருந்து நேரடியாக மேம்படுத்த முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

படி 2: இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகள் வேண்டும். "பயாஸ் மோட்" என்பதில் புதிய பூட் முறையான யுஇஎஃப்ஐ என்றிருந்தால் நல்லது. பழைய முறையான லெகசி என்றிருந்தால் படி 4 உங்களுக்கானது. "செக்யூர் பூட் ஸ்டேட்" என்பதில் ஆன், ஆஃப், அன்சப்போர்ட்டட் என மூன்றில் ஒன்று இருக்கும். லெகசி முறையில் ஓடும் கணினியில் அன்சப்போர்ட்டட் என்று வருவது இயல்பு. வன்பொருளே இல்லை என்று பொருளல்ல.

அடுத்து, விண்டோஸ்+ஆர் பெட்டியில் 'டிபிஎம்.எம்எஸ்சி' (tpm.msc) என்று தட்டுங்கள். வலப்பக்கம் கீழே "ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன்" 2.0 என்றிருந்தால் டிபிஎம் வேலை முடிந்தது. 1.2 என்றிருந்தால் அது போதாது. சில தயாரிப்பாளர்கள் 1.2 சில்லை 2.0-ஆக மாற்றும் ஃபர்ம்வேரை, அதாவது வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருளை, வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் மாடலின் ஆதரவுப் பக்கத்தில் தேடுங்கள். "கம்பேட்டிபிள் டிபிஎம் கேனாட் பி ஃபவுண்ட்" என்ற செய்தி வந்தால், பெரும்பாலும் அது அணைந்திருக்கிறது.

டிபிஎம் என்பது மறைகுறியாக்கச் சாவிகளைத் தனக்குள் உருவாக்கி வெளியே விடாமல் காக்கும் பகுதி. கணினி பூட் ஆகும்போது ஃபர்ம்வேர், பூட் லோடர் ஒவ்வொன்றின் அளவீட்டையும் அது பதிந்துகொள்கிறது. அளவீடு வழக்கம்போல இருந்தால் மட்டுமே டிஸ்க்கைத் திறக்கும் சாவியைத் தரும். நீங்கள் பயாஸில் கைவைத்தாலும் அளவீடு மாறும். விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதியான பிட்லாக்கர் திடீரென்று மீட்புச் சாவி கேட்பது இதனால்தான்.

டிபிஎம் இல்லை என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, மதர்போர்டில் தனியாகச் செருகும் டிபிஎம் மாட்யூல் வாங்க ஓடாதீர்கள். படி 1-இல் தேறிய ப்ராசசர் என்றால் அதே வேலையைச் செய்யும் ஃபர்ம்வேர் டிபிஎம் ஏற்கெனவே இருக்கும்: இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். மாட்யூல்களோ பின் எண்ணிக்கையிலும் எஸ்பிஐ, எல்பிசி என்ற இணைப்பு வகையிலும் மதர்போர்டுக்கு மதர்போர்டு வேறுபடும்.

படி 3: மீட்புச் சாவியும் காப்புப் பிரதியும்

எதையும் மாற்றும் முன் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பிறகு டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ப்ரோ பதிப்பில் கன்ட்ரோல் பேனலில் "பிட்லாக்கர் டிரைவ் என்கிரிப்ஷன்"; ஹோம் பதிப்பில் "செட்டிங்ஸ்" → "அப்டேட் & செக்யூரிட்டி" → "டிவைஸ் என்கிரிப்ஷன்". நாமே இயக்காவிட்டாலும் மடிக்கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கியிருக்கலாம். அதனால் நம் கணினியில் பிட்லாக்கர் இல்லை என்று நினைத்துக்கொண்டு இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

பூட்டப்பட்டிருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணையம் வழியாக நுழைந்து, டிவைசஸ் பகுதியில் இந்தக் கணினிக்கான 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே கணினியில் கோப்பாகச் சேமித்தால் தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாது. பிறகு என்கிரிப்ஷனை முழுவதுமாக அணையுங்கள். டிஸ்க்கின் அளவைப் பொறுத்து நேரம் பிடிக்கும், முடியும்வரை பொறுங்கள். பயாஸ் மாற்றம் மட்டும் என்றால் ப்ரோ பதிப்பில் "சஸ்பெண்ட் புரொடெக்‌ஷன்" போதும். ஆனால் அடுத்த படியில் டிஸ்க்கையே மாற்றப் போகிறீர்கள் என்றால் முழுதாக அணைப்பதே பாதுகாப்பு.

படி 4: எம்பிஆர் டிஸ்க்கை ஜிபிடி ஆக்குவது

எம்பிஆர், ஜிபிடி என்பவை டிஸ்க்கின் பார்ட்டிஷன் விவரங்களைப் பதியும் பழைய, புதிய முறைகள். யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆக ஜிபிடி வேண்டும். பயாஸ் மோட் யுஇஎஃப்ஐ என்றிருந்தவர்கள் நேராகப் படி 5-க்குப் போகலாம். லெகசி என்றிருந்தவர்கள் டிஸ்க்கை மாற்றாமல் பயாஸை மட்டும் யுஇஎஃப்ஐ ஆக்கினால் விண்டோஸ் பூட் ஆகாது. திரும்பத் திரும்ப பயாஸ் திரையே வரும்.

ஸ்டார்ட் மெனுவில் 'சிஎம்டி' (cmd) என்று தேடி, "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள். முதலில் சோதனை மட்டும். ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன் ஓர் இடைவெளி விடுங்கள்:

'எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலோஃபுல்ஓஎஸ்' (mbr2gpt /validate /allowfullos)

சோதனை வெற்றி என்று வந்தால்:

'எம்பிஆர்2ஜிபிடி /கன்வர்ட் /அலோஃபுல்ஓஎஸ்' (mbr2gpt /convert /allowfullos)

கோப்புகள் அழியாது. ஆனால் மாற்றம் நடக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. மடிக்கணினியில் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

சோதனையிலேயே "டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்ட்" என்று வந்தால் பார்ட்டிஷன்களைப் பாருங்கள். மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் அல்லது லாஜிக்கல் பார்ட்டிஷன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 'டிஸ்க்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி' (diskmgmt.msc) திறந்து பார்த்தால் தெரியும். டி, இ டிரைவ்களில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, தேவையில்லாத பார்ட்டிஷனை நீக்கி, மறுபடி சோதியுங்கள். மாற்றம் முடிந்தபின் மீட்புப் பகுதி பற்றிப் பிழை வந்தால், அதே சாளரத்தில் 'ரீஏஜென்ட்சி /டிஸேபிள்' (reagentc /disable), பிறகு 'ரீஏஜென்ட்சி /எனேபிள்' (reagentc /enable) கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 5: பயாஸில் ஒவ்வொன்றாக

ஷிஃப்டை அழுத்திக்கொண்டே "ரீஸ்டார்ட்" சொடுக்குங்கள். "ட்ரபிள்ஷூட்" → "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" → "யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்". இப்போதுதான் டிஸ்க்கை மாற்றியவர்களுக்குத் திரையில் அந்த விருப்பம் வராது. அவர்கள் கணினி இயங்கத் தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2-ஐ அழுத்துங்கள். எச்பியில் எஃப்10.

சிஎஸ்எம், செக்யூர் பூட், டிபிஎம் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, எஃப்10 கொடுத்துச் சேமித்து, விண்டோஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அப்போதுதான் எது தடுக்கிறது என்று தெரியும்.

முதலில் பூட் பகுதியில், பழைய லெகசி முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம் என்பதை அணையுங்கள். சில கணினிகளில் அதற்குப் பதிலாக "பூட் மோட்" இருக்கும், அதை யுஇஎஃப்ஐ ஆக்குங்கள். திரை கறுப்பாகவே நின்றால், கிராஃபிக்ஸ் கார்டு யுஇஎஃப்ஐ ஆதரவு இல்லாத பழையதாக இருக்கலாம். மின் இணைப்பைக் கழற்றி, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். அப்படித் திரும்பியது லெகசி முறைக்குத்தான் என்றால் ஜிபிடி ஆக்கிய டிஸ்க் பூட் ஆகாது. ப்ராசசரில் கிராஃபிக்ஸ் இருந்தால் மானிட்டர் கம்பியை மதர்போர்டு துளைக்கு மாற்றி, மீண்டும் யுஇஎஃப்ஐ கொடுங்கள்.

இரண்டாவது செக்யூர் பூட். ஏசஸில் "ஓஎஸ் டைப்" என்பதை "விண்டோஸ் யுஇஎஃப்ஐ மோட்" ஆக்க வேண்டும். இயக்கிய பிறகும் "நாட் ஆக்டிவ்" என்று காட்டினால் சாவிகள் ஏற்றப்படவில்லை. "ரீஸ்டோர் ஃபேக்டரி கீஸ்" அல்லது "இன்ஸ்டால் டிஃபால்ட் கீஸ்" கொடுத்துச் சேமியுங்கள். புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான்.

மூன்றாவது டிபிஎம். எம்எஸ்ஐயில் "செக்யூரிட்டி" → "ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங்" → "செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட்". ஜிகாபைட்டில் "மிஸலேனியஸ்" பகுதியில் இன்டெல் பிடிடி அல்லது ஏஎம்டி சிபியு எஃப்டிபிஎம். ஏசஸ் இன்டெல் போர்டில் "அட்வான்ஸ்டு" → "பிசிஹெச்-எஃப்டபிள்யூ கான்ஃபிகரேஷன்" → பிடிடி. மடிக்கணினிகளில் "செக்யூரிட்டி" பகுதியில் "டிபிஎம் டிவைஸ்" அல்லது "செக்யூரிட்டி சிப்". பக்கத்திலேயே இருக்கும் "க்ளியர் டிபிஎம்" என்பதைத் தொடாதீர்கள். உள்ளே உள்ள சாவிகள் எல்லாம் அழிந்துவிடும்.

விருப்பமே காணவில்லை என்றால் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். புதுப்பித்த பின் அமைப்புகள் பழைய நிலைக்குப் போயிருக்கலாம். மூன்றையும் மறுபடி சரிபாருங்கள். ஏஎம்டி கணினியில் பயாஸ் புதுப்பித்ததும் எஃப்டிபிஎம்-ஐ மீட்டமைக்க ஒய் அல்லது என் கேட்டால், மீட்புச் சாவி கையில் இருந்தால் அல்லது என்கிரிப்ஷன் அணைந்திருந்தால் மட்டும் ஒய் கொடுங்கள். எஃப்டிபிஎம் இயக்கியபின் கணினி அவ்வப்போது ஒரு நொடி திணறினால், அதற்கான திருத்தம் 2022-இல், ஏஎம்டி பயாஸின் அடிப்படைப் பகுதியான ஏஜீசாவின் 1.2.0.7 பதிப்போடு வந்திருக்கிறது. அதைக் கொண்ட பயாஸை நிறுவுங்கள்.

பயாஸ் புதுப்பிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. செக்யூர் பூட்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடிகிறது. 2023 சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாக வருகின்றன. சில கணினிகளில் அவை சரியாக ஏற, பயாஸும் புதிதாக இருக்க வேண்டியிருக்கிறது.

படி 6: சரிபார்த்து மேம்படுத்துங்கள்

'டிபிஎம்.எம்எஸ்சி', 'எம்எஸ்இன்ஃபோ32' இரண்டையும் மறுபடி திறந்து 2.0, யுஇஎஃப்ஐ, ஆன் என்ற மூன்றும் தெரிகிறதா பாருங்கள். பிறகு மைக்ரோசாஃப்டின் "பிசி ஹெல்த் செக்" செயலியை ஓட்டுங்கள். விண்டோஸ் அப்டேட் பக்கம் இன்னும் பழைய செய்தியையே காட்டலாம். அது புதுப்பிக்கச் சற்று நேரம் எடுக்கும். காத்திருக்க விருப்பமில்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள "இன்ஸ்டலேஷன் அசிஸ்டெண்ட்" வழியாகத் தொடங்கலாம்.

மேம்படுத்திய பின் பிடிக்கவில்லையென்றால் 10 நாட்களுக்குள் "செட்டிங்ஸ்" → "சிஸ்டம்" → "ரிகவரி" வழியாக விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். ஆனால் டிஸ்க் ஜிபிடியாகவே இருக்கும், ஆகவே திரும்பினாலும் சிஎஸ்எம்-ஐ இயக்காதீர்கள். அணைத்து வைத்த என்கிரிப்ஷனை மறுபடி இயக்கும்போது புதிய மீட்புச் சாவி உருவாகும். பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதி வையுங்கள்.