மருந்துக்கு அடங்காத குல்லி தண்டா: கோதுமை வயலில் பயிரை மாற்றிக் களையை ஒடுக்குவது

பஞ்சாப், ஹரியானாவின் நெல்–கோதுமை வயல்களில் குல்லி தண்டா என்ற புல், 1990-களின் தொடக்கத்திலேயே ஐசோபுரோட்டூரான் என்ற களைக்கொல்லிக்குச் சாகாமல் நின்றது. அடுத்து வந்த குளோடினாஃபாப், சல்போசல்ஃப்யூரான் மருந்துகளையும் பல வயல்களில் அது தாங்கிவிட்டது. தப்பிய செடி உதிர்க்கும் விதைதான் அடுத்த ஆண்டின் களை. அந்த உதிர்வை நிறுத்துவதற்குத்தான் பயிரை மாற்றுகிறோம்.

முதலில் தவறு தெளிப்பிலா, களையிலா என்று பாருங்கள். தெளித்து மூன்று வாரம் கழித்து, செத்த செடிக்குப் பக்கத்திலேயே அதே வயதுச் செடி பச்சையாக நின்றால், களைக்கு மருந்தைத் தாங்கும் எதிர்ப்பு வந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். நேர்க்கோடாகத் தப்பியிருந்தால் தெளிப்பான் முனையோ (நாசில்) தெளித்தவர் நடையோ பிழை. குல்லி தண்டா இளஞ்செடியின் அடித்தண்டு சிவந்திருக்கும். கோதுமையில் அப்படி இராது.

எதிர்ப்பு வந்த வயலுக்குச் சிறந்த மாற்று பெர்சீம் என்ற பயறுவகைத் தீவனம். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் ஏக்கருக்கு 8–10 கிலோ விதையுங்கள். விதையில் காசினி என்ற களையின் விதை கலந்திருக்கும். 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பு கரைத்து விதையைக் கொட்டி, மிதப்பதை அள்ளி எறியுங்கள். மிஞ்சியதை நல்ல நீரில் அலசிய பிறகே ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலக்க வேண்டும். முதல் வெட்டு சுமார் 50 நாளில், பிறகு 30–40 நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு வெட்டிலும் புல்லின் தலையும் போகிறது. பிப்ரவரி, மார்ச் வெட்டுகளை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கதிர் வருவது அப்போதுதான். ஒரு குளிர்காலம் போதாது, மண்ணில் பழைய விதை மிச்சமிருக்கும். இரண்டாவது பருவமும் தொடருங்கள்.

தீவனத்துக்கு மாடோ சந்தையோ இல்லையென்றால் உருளைக்கிழங்கு. மண் அணைக்கும்போது முளைத்த புல் புதைகிறது. முன்பருவக் கிழங்கைத் தோண்டும்போது மிச்சமும் கதிர் விடுமுன் பிடுங்கப்படுகிறது. கிழங்கு எடுத்த கையோடு பின்பருவக் கோதுமை விதைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். சூரியகாந்தி போடுங்கள்.

பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான். கோதுமையை விட்டுக் கடுகுக்கோ கொண்டைக்கடலைக்கோ போய், அங்கே குவிசாலோஃபாப் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். புட்டி வேறு, பெயர் வேறு. ஆனால் புல்லைக் கொல்லும் வழி குளோடினாஃபாப்பின் வழியேதான். உருளையில் மெட்ரிபூசின் தெளித்தாலும் இதே கதை: ஐசோபுரோட்டூரானைப் போல அதுவும் ஒளிச்சேர்க்கையைத்தான் தடுக்கிறது. பயிர் மாறியும், மருந்தைத் தாங்கும் செடியே பிழைத்துப் பெருகுவது மாறவில்லை. கடுகில் விதைத்தவுடன், களை முளைக்குமுன் தெளிக்கும் பென்டிமெத்தலின், பின்பு கைக்களை என்று வையுங்கள். கோதுமைக்குச் சல்போசல்ஃப்யூரான் தெளித்த வயலில் அடுத்ததாகச் சோளமோ மக்காச்சோளமோ வேண்டாம். மண்ணில் தங்கிய மருந்து அவற்றைக் கருக்கும்.

கோதுமைக்குத் திரும்பும்போது அக்டோபர் கடைசியிலேயே, உழாமல், நெல் தாளின் ஊடே விதையுங்கள். இந்தப் புல் குளிர் ஏறிய பிறகே மும்முரமாக முளைக்கும். அதற்குள் கோதுமை நிலத்தை மூடிவிடும். ஆழ உழுதால் புதைந்த விதையை நீங்களே மேலே கொண்டுவருவீர்கள். மட்காத சாணமும், பக்கத்து வயலை அறுத்துவிட்டு வரும் இயந்திரமும் விதை சுமக்கும். இயந்திரத்தை வரப்பிலேயே நிறுத்திச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தப்பி நிற்கும் செடிகளைக் கதிர் முற்றுமுன் பிடுங்கிச் சாக்கில் கட்டி வயலுக்கு வெளியே எடுத்துச் சென்று எரித்துவிடுங்கள். வாய்க்கால் ஓரத்தில் நிற்பவற்றையும் விடாதீர்கள்.