அங்கீகாரம் இல்லாத அரசோடு உறவு நடத்துவது எப்படி: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கையேடு

கிருஷ்ணகிரியை அடுத்த குருபரப்பள்ளியில் தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை இயங்குகிறது. ஆனால் தைவானுக்கு இந்தியாவில் தூதரகம் கிடையாது. தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீன மக்கள் குடியரசை 1949 டிசம்பர் 30 அன்று அங்கீகரித்தது முதல், தைவான் தலைநகர் தைபேயிலுள்ள அரசோடு இந்தியாவுக்குத் தூதரக உறவு இல்லை. எனினும் விசா, வரி, முதலீடு எதுவும் நின்றுபோகவில்லை. பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகளிடையேயும் பொதுக்கிணற்றுத் தண்ணீர் முறை தவறாமல் நடப்பதைப் போலத்தான் இதுவும்.

முதலில் வேண்டியது, பெயரளவில் அரசு சாராத ஓர் அலுவலகம். ஜப்பான் 1972-இல் தூதரக உறவை முறித்துக்கொண்டதும் இத்தகைய அமைப்பை நிறுவியது. அமெரிக்கா 1979-இல் தன் அலுவலகத்தை இலாப நோக்கற்ற தனியார் நிறுவனமாகவே பதிவுசெய்து, அதற்கெனத் தைவான் உறவுச் சட்டத்தையும் இயற்றியது. இந்தியா 1995-இல் தைபேயில் இந்தியா–தைபே சங்கத்தைத் திறந்தது. அதே ஆண்டில் புது தில்லியில் தைபே பொருளாதார, கலாச்சார மையமும், 2012-இல் அதன் சென்னைக் கிளையும் வந்தன. பெயர்ப்பலகை சங்கத்துடையதாக இருந்தாலும், பொறுப்பில் அமர்த்தப்படுபவர் அனுபவமுள்ள வெளியுறவுப் பணி அதிகாரியாக இருக்க வேண்டும். இல்லையெனில் அவர் சொல்லுக்கு எதிர்ப்பக்கத்தில் மதிப்பிருக்காது.

அலுவலகம் மட்டும் போதாது, அதன் கையெழுத்துக்கு உள்நாட்டுச் சட்டத்தில் வலு வேண்டும். பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுவே. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2006-இல் சேர்க்கப்பட்ட 90ஏ பிரிவு, இரு நாட்டு அரசுகள் அல்லாமல் இரு ‘குறிப்பிட்ட சங்கங்கள்’ செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை மத்திய அரசு ஏற்றுச் செயல்படுத்த இடமளித்தது. 2011-இல் இந்தியா–தைபே சங்கமும் தைபே மையமும், ஒரே வருமானத்துக்கு இரு இடங்களிலும் வரி விழாமல் காக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தைவான் தாய் நிறுவனத்துக்குத் தொழில்நுட்பக் கட்டணம் செலுத்தும் ஓர் ஆலையின் கணக்கர், எந்த விகிதத்தில் வரி பிடிப்பது என்று பார்ப்பதும் அந்த ஒப்பந்தத்தைத்தான். எந்த அரசும் எந்த அரசையும் அங்கீகரிக்காமலே வரிச்சலுகை கிடைத்துவிடுகிறது. சட்ட வரைவாளர்களின் சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, எவ்வளவு உயர்ந்த பதவியினர் வரலாம் என்ற வரம்பு. வணிகம், கல்வி, சுகாதாரம் தொடர்பான அதிகாரிகள் சந்திப்பதைச் சீனா பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டுவிடும். ஆனால் 1995 ஜூனில் தைவான் அதிபர் லீ டெங்-ஹுய் தாம் படித்த கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல அமெரிக்கா விசா வழங்கியதும், சீனா தன் தூதரைத் திரும்ப அழைத்து, தைவான் நீரிணையில் ஏவுகணைச் சோதனைகளைத் தொடங்கியது. தனிப்பட்ட பயணம் என்ற விளக்கம் எடுபடவில்லை.

ஓசூரிலோ பர்கூரிலோ தைவான் குழுவை வரவேற்கும் தொழில்முனைவோர் சங்கங்களும் கல்லூரிகளும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். அழைப்பிதழில் ‘தூதர்’ என்று அச்சிடாமல், சென்னை மையத்தின் தலைமை இயக்குநர் என்று அவருடைய பதவியையே குறிப்பிடுங்கள். மேசையில் தேசியக் கொடிகளைத் தவிர்த்து, நிறுவனச் சின்னங்களை வையுங்கள். மாவட்ட ஆட்சியரையோ அமைச்சரையோ மேடையேற்றுவதாக இருந்தால், தேதி குறிப்பதற்கு முன்பே அரசு வழியில் அனுமதி கேட்பது நல்லது. அழைப்பிதழ் அச்சான பிறகு கேட்டால் எல்லோருக்கும் சங்கடம்.

ஆவணங்களுக்கும் தனி வழி உண்டு. ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையால் உறுப்பு நாடுகளில் ஏற்கச் செய்யும், இந்தியா சேர்ந்துள்ள அப்போஸ்டில் உடன்படிக்கையில் தைவான் இல்லாததால், அந்த முத்திரை மட்டும் அங்கே செல்லுபடியாகாது. அங்கு வேலைக்குச் செல்லும் பொறியாளர் தம் பட்டச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் பெற்ற பின், தைபே மையத்திலும் சான்றொப்பம் பெற வேண்டும். அங்கிருந்து வரும் நிறுவன ஆவணங்களைத் தைபேயிலுள்ள இந்தியச் சங்கத்தில் சான்றொப்பமிட்டு அனுப்பச் சொல்லுங்கள். இதற்கான கால அவகாசத்தை ஒப்பந்தத் தேதியைத் தீர்மானிக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.