ஜெட் மாடலுக்கு எரிபொருள் பை செய்வது எப்படி

ரிமோட்டில் பறக்கும் என் மாடல் ஜெட் விமானத்துக்கு நான் முதலில் செய்த எரிபொருள் பை ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. ஆனாலும் தரையில் ஓட்டிப் பார்த்தபோது, பாதி மண்ணெண்ணெய் மிச்சம் இருக்கும்போதே டர்பைன் எஞ்சின் அணைந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால், பையின் துணியே உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

பை டேங்கின் அருமையும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான். எரிபொருள் குறையக் குறையப் பை சுருங்கும், அதனால் உள்ளே காற்று வராது, குமிழியும் இல்லை. ஆனால் சுருங்கும் துணிக்கு எங்கே நிற்பது என்று தெரியாது.

முதலில் அளவு. எட்டு நிமிடப் பறப்பு, நிமிடத்துக்குச் சராசரி 250 மில்லி என்றால் 2 லிட்டர் வேண்டும். சதுரப் பையின் பக்கத்தைச் செ.மீ.யில் எடுத்து, பக்கம் × பக்கம் × பக்கம் என்று பெருக்கி, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் அதிகபட்சக் கொள்ளளவு மில்லியில் ஏறக்குறைய வந்துவிடும். ஒட்டுக்கு உள்ளே 24 செ.மீ. பக்கம் என்றால் சுமார் 2.8 லிட்டர். 2 லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் ஒட்டுக்கு நோகாது.

துணி, டிபியு (சூட்டில் உருகி ஒட்டும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) பூசிய நைலான். பூச்சு உள்பக்கம் பார்க்க இரண்டு துண்டுகளையும் அடுக்கி, 12 மி.மீ. அகலத்துக்கு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுங்கள். எவ்வளவு சூடு வேண்டும் என்பதை முதலில் மிச்சத் துண்டுகளில் பழகிக்கொள்ளுங்கள்: பிரித்து இழுத்தால் ஒட்டு பிரியக்கூடாது, பூச்சு நைலானை விட்டு உரிந்து வர வேண்டும். மூலைகளை வளைவாக விடுங்கள். கூர்மையான மூலையில்தான் கசிவு தொடங்கும்.

கடைசிப் பக்கத்தை ஒட்டுவதற்கு முன்பே பித்தளை நிப்பிளை (குழாய் மாட்டும் முனை) பொருத்திவிட வேண்டும். துணிக்கு இருபுறமும் அகலமான வாஷர், நடுவில் நைட்ரைல் ரப்பர் வளையம் (ஓ-ரிங்). சிலிக்கான் வேண்டாம், மண்ணெண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். நிப்பிளின் உள்முனையில் பையின் மறுகோடி வரை நீளும் பாலியூரித்தேன் குழாய் ஒன்றை மாட்டி, அதன் நாலாபக்கமும் ஓட்டை போடுங்கள். ஒரு ஓட்டையைத் துணி அடைத்தாலும் அடுத்தது உறிஞ்சும். என் முதல் பையில் இல்லாதது இதுதான். ஓட்டையின் பிசிறுகளை மட்டும் சுத்தமாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே பையைக் கிழிக்கும்.

அப்புறம் சோதனை. லேசாக ஊதி, தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா பாருங்கள். பிறகு காயவைத்து, மண்ணெண்ணெய் நிரப்பிப் பழைய செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால், பம்பை வைத்து ஓர் அளவுக் குடுவைக்குள் முழுவதையும் உறிஞ்சி எடுங்கள். உள்ளே போனது ஏறக்குறைய அப்படியே வெளியே வர வேண்டும்.

விமானத்தில் வைக்கும்போது ஈர்ப்பு மையத்தின் மேல் வையுங்கள், 2 லிட்டர் என்பது 1.6 கிலோ. சுற்றிலும் திருகு முனை, கார்பன் விளிம்பு எதுவும் தொடாதபடி நுரை ஒட்டுங்கள். நிரப்பியதும் நிப்பிள் மேலே இருக்கும்படி பையைத் தூக்கிப் பிடித்து, பம்பைத் திருப்பி ஓட்டிக் காற்றை உறிஞ்சுங்கள். குழாயில் வெறும் எரிபொருள் வரும்வரை விடாதீர்கள். இதற்கு மேலும் நான் ஒரு சின்ன ஏர் டிராப்பை (குழாயில் வரும் காற்றுக் குமிழியைப் பிடித்துவைக்கும் சிறு டேங்க்) பைக்கும் பம்புக்கும் இடையில் வைத்துக்கொள்கிறேன்.