எந்த ஊர்க் கணக்கு? சுகாதாரப் புள்ளிவிவரத்தை வைத்து முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மாவட்ட ஆய்வுக் கூட்டத்துக்காக, பணிக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் ஒரு வரைபடம் தயாரித்து என்னிடம் காட்டினார்கள். குழந்தை இறப்பு அதிகமுள்ள இடங்களுக்குச் சிவப்பு, குறைந்த இடங்களுக்கு மஞ்சள். மாவட்டத் தலைநகரம் கருஞ்சிவப்பாக இருந்தது. மலை வட்டாரம் வெளிர் மஞ்சள். பல வருடங்களுக்கு முன் நானும் இதே படத்தை, ஏறக்குறைய இதே நிறங்களில் வரைந்திருக்கிறேன். அதன் பேரில் எடுத்த முடிவு என்னவானது என்பது எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கூட்டல் பிழை, ஒரே நோயாளி இரண்டு முறை பதிவாவது, எக்செல்லில் வரிசை மாறிப்போவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டல் சரியாக இருந்தும் முடிவு தவறாகிப்போகிற இடங்கள்தான் ஆபத்தானவை.

இறந்த ஊரை வாழ்ந்த ஊராக எடுத்துக்கொள்வது

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்போ இறப்போ அது நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். ஓடுகிற ஆம்புலன்சில் உயிர் பிரிந்தால், வண்டி முதலில் நிற்கும் இடமே இறந்த இடம். சான்றிதழ் கொடுக்க இந்த ஏற்பாடு போதும். ஆனால் எந்த ஊருக்குச் செவிலியரை அனுப்புவது என்று முடிவெடுக்க இதே பட்டியலை எடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. எடை குறைவாகவோ மூச்சுத் திணறலோடோ பிறக்கும் குழந்தை, பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகும். அங்கே இறந்தால் அந்த நகரத்தின் கணக்கு. இதோடு நம் ஊர் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். மாமியார் ஊரில் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி என்ற அரசுப் பதிவு எண் வாங்குகிறாள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வருகிறாள். தாலுகா மருத்துவமனையில் பிரசவம். குழந்தை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறது. ஒரே ஒரு குழந்தை, அதற்கு நான்கு ஊர்கள். பட்டியலில் மிஞ்சுவது கடைசி ஊர் மட்டும்.

என் படத்தைப் பார்த்துவிட்டு, தலைநகரத்துக்குக் கூடுதல் செவிலியர், விழிப்புணர்வு முகாம் என்று கூட்டத்தில் முடிவானது. மலை வட்டாரத்தில் காலியாகக் கிடந்த கிராம சுகாதார செவிலியர் பணியிடங்கள் “அங்கே நிலைமை பரவாயில்லை” என்ற ஒரே வரியில் தள்ளிப்போயின. அந்த வரியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து, மலையில் வெகுகாலம் வேலை பார்த்த ஒரு செவிலியர் என் மேசைக்கு வந்தார். “மேடம், போன வருசம் எங்க மலையில போன பிள்ளைங்க பேரெல்லாம் என் நோட்டுல இருக்கு. உங்க படத்துல ஒண்ணுகூட இல்லையே?” என்றார். அவர் நோட்டையும் என் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பேர்கள் எல்லாம் இருந்தன, தலைநகரத்தின் கீழே.

இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இது: விடை அதே காகிதத்தில் இருந்தது. பிறப்பு, இறப்பு அறிக்கைப் படிவங்களில் சட்டத் தகவலுக்கு ஒரு பகுதி, புள்ளிவிவரத் தகவலுக்கு ஒரு பகுதி. இரண்டாவது பகுதியில், தாய் வழக்கமாக வசிக்கும் ஊர், இறந்தவர் வசித்த ஊர் என்று தனியாகவே கட்டம் உண்டு. அதில் மருத்துவமனை முகவரியை எழுதிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் “மேற்படி” என்று போட்டுவிடுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது ஏன் தேவை என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாங்கிப் பார்க்கும் நாமும் திருப்பி அனுப்புவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? தொகுத்த அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி உள்ள லைன் லிஸ்டைக் கேட்டு வாங்குங்கள். இறந்த இடம், வழக்கமான வசிப்பிடம், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்த இடம் என்று மூன்று கட்டங்களை நிரப்புங்கள். மருத்துவமனைக்கு எத்தனை வார்மர் (குழந்தைக்குச் சூடு தரும் கருவி), எத்தனை செவிலியர் வேண்டும் என்பது கேள்வியானால் முதல் கட்டம். கர்ப்பகாலக் கவனிப்பு, 108 வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் மற்ற இரண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். இறப்பை வசிப்பிடத்துக்கு மாற்றினால் பிறப்பையும் மாற்ற வேண்டும். மேலே உள்ள இறப்பு எண் மலைக்கு வந்து, கீழே வகுக்கும் பிறப்பு எண் தலைநகரத்திலேயே இருந்துவிட்டால், மலையின் விகிதம் நம்ப முடியாத அளவுக்கு எகிறும். அதைப் பார்த்து அங்குள்ளவர்களைத் திட்டுவதும் நடந்திருக்கிறது.

டெங்குவில் வசிப்பிடமும் போதாது. கொசு கடித்து 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் தெரியும். திருப்பூரில் வேலை பார்க்கும் பையன் காய்ச்சலோடு சொந்த ஊருக்கு வந்து படுக்கிறான். ஆதாரில் உள்ள ஊருக்குப் புகை அடிக்கிறோம். அவன் தங்கியிருந்த விடுதியின் தண்ணீர்த் தொட்டியை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரம் எங்கே இருந்தான் என்று கேட்டாக வேண்டும்.

வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாக்குவது

அறிக்கை வரவில்லையா, நோய் வரவில்லையா? போன் போட்டுக் கேளுங்கள்.

பரிசோதனை கூடியதை நோய் கூடியதாக நினைப்பது

ஒரு வட்டாரத்தில் டெங்குவைக் கண்டறியும் எலிசா ரத்தப் பரிசோதனை தொடங்கிய மாதமே டெங்கு எண்ணிக்கை ஏறும். பக்கத்து வட்டாரத்தில் பரிசோதனையே இல்லை, எண்ணிக்கையும் இல்லை. கூட்டத்தில் பதில் சொல்ல நிறுத்தப்படுவது முதல் வட்டாரத்து மருத்துவ அலுவலர்தான். நேர்மையாகத் தேடிக் கண்டுபிடித்தவரை இப்படி நிற்கவைத்தால், அடுத்த வருடம் அவர் குறைவாகத் தேடுவார், எண்ணிக்கை குறையும், அதை வெற்றி என்று நாம் எழுதுவோம். இத்தனை பேருக்குப் பரிசோதனை, அதில் இத்தனை பேருக்கு நோய் என்று இரண்டு எண்ணையும் சேர்த்தே கேளுங்கள்.

எல்லை மாறியதைக் கவனிக்காமல் ஒப்பிடுவது

2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஐந்தாம் சுற்றுக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டை 32 மாவட்டங்களாகவே காட்டுகிறது, இப்போது 38. அதில் உள்ள வேலூரும் இன்றைய வேலூரும் ஒன்றல்ல. வருவாய் மாவட்டமும் சுகாதார மாவட்டமும் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. அப்புறம், அந்த ஆய்வு மாவட்ட அளவுக்கு எண் சொல்லும்படிதான் வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறது. அதை வைத்து ஒன்றியத்துக்கு எண் சொல்லக் கூடாது.

சின்ன எண்ணில் விழுக்காடு

இரண்டு இறப்பு ஒன்றானால் “50 விழுக்காடு குறைவு” என்று எழுதாதீர்கள். இரண்டு, ஒன்று என்றே எழுதுங்கள்.

அந்த இரண்டு பேரும் படத்தைக் கூட்டத்தில் வைக்கவில்லை. மலை வட்டாரத்துச் செவிலியர்களைத் தொலைபேசியில் பிடித்து, ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மாவின் ஊரைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று மாலை பார்த்தபோது, பட்டியலில் இன்னும் பதினான்கு “மேற்படி” மிச்சமிருந்தன.