ஒரு கேன்சர் ஆய்வாளரின் சைட்டேஷன் கணக்கைப் படிப்பது எப்படி?

பிஎச்டிக்கு கைடு தேடும்போது நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: கூகுள் ஸ்காலரில் பெயரைப் போட்டு, ஓரத்தில் இருக்கும் சைட்டேஷன் எண்ணையும் (அவர் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பது) ஹெச்-இன்டெக்ஸையும் பார்த்துவிட்டு, பெரிய ஆள் என்று முடிவு கட்டிவிடுவது. தயவுசெய்து அதோடு நிறுத்தாதீர்கள். எண்ணுக்குக் கீழே இருக்கும் கட்டுரைகளைத் திறந்தால்தான் அவர் என்ன செய்திருக்கிறார் என்று தெரியும். எம்ஐடியிலும் வைட்ஹெட் நிறுவனத்திலும் பணியாற்றிய புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வெயின்பெர்க்கை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

படி 1: சரியான ஆளைப் பிடியுங்கள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம், அதில் தொடங்குங்கள். குடும்பப் பெயர் முதலில், பிறகு புள்ளியில்லாமல் இனிஷியல்: வெயின்பெர்க் ஆர்ஏ. அதே பெயரில் வேறு ஆட்களும் வந்து கலப்பார்கள், அதனால் நிறுவனப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய பதிவுகளில் பெரும்பாலும் முதல் ஆசிரியரின் முகவரி மட்டும்தான் இருக்கும், ஆகவே இந்த வடிகட்டலில் சில கட்டுரைகள் விட்டுப்போகும் என்பதையும் மனதில் வையுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் சிக்கல் இன்னும் அதிகம். 'குமார் எஸ்' என்று தேடினால் துறைக்கு ஒருவர் வந்து நிற்பார். ஆய்வாளருக்கு ஆர்க்கிட் எண் (ஆளுக்கு ஒன்றாகத் தரப்படும் 16 இலக்க அடையாள எண்) இருந்தால் அதுதான் நம்பகமான வழி.

படி 2: ஹெச்-இன்டெக்ஸை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

இதை 2005-ல் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஹெச் 4 என்றால், குறைந்தது நாலு கட்டுரைகளுக்குத் தலா நாலு சைட்டேஷனாவது இருக்கிறது என்று அர்த்தம். ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள், சைட்டேஷன் முறையே 90, 40, 12, 4, 3 என்று வைத்துக்கொள்வோம். நாலாவது கட்டுரைக்கு 4 இருக்கிறது, ஐந்தாவதுக்கு 5 இல்லை. ஆக ஹெச் 4. இப்போது அந்த 90, ஒன்பதாயிரம் ஆனாலும் ஹெச் அதே 4-தான்! அதோடு இந்த எண் வருடம் போகப்போக ஏறுமே தவிர இறங்காது. முப்பது வருட அனுபவசாலியையும் புதிதாக லேப் தொடங்கியவரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

படி 3: உச்சியில் இருப்பது என்ன வகைக் கட்டுரை?

இதுதான் முக்கியமான படி. வெயின்பெர்க்கும் டக்ளஸ் ஹனஹானும் 2000-ல் 'செல்' என்ற அறிவியல் இதழில் 'ஹால்மார்க்ஸ் ஆஃப் கேன்சர்' எழுதினார்கள். புற்றுநோய் செல்லின் ஆறு குணங்களை வரையறுத்த கட்டுரை அது. 2011-ல் அதை விரிவாக்கினார்கள். இரண்டும் பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டவை, இரண்டுமே ரிவ்யூ. அதாவது புதுச் சோதனை எதுவும் அதில் இல்லை, அதுவரை தெரிந்ததை ஒழுங்குபடுத்திய வேலை. அது சின்ன வேலை இல்லை, ஒரு துறையே அந்த மொழியில் பேச ஆரம்பித்தது. ஆனால் லேபில் அவர் கண்டுபிடித்தது என்ன என்று தெரிய வேண்டுமென்றால், பப்மெட்டில் கட்டுரை வகை வடிகட்டியைப் போட்டு ரிவ்யூக்களைத் தனியாக ஒதுக்கிவிட்டு மீதியைப் பாருங்கள். வருடா வருடம் வரும் கேன்சர் புள்ளிவிவரக் கட்டுரைகளும் இப்படித்தான், நோயாளிகள் எண்ணிக்கையைச் சொல்ல எல்லோரும் அதைக் காட்டுவதால் எண்ணிக்கை எகிறும்.

படி 4: பெயர் எந்த இடத்தில்?

இந்தத் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் லேபை நடத்துபவர். மனித செல்லை மூன்று மரபணுக்களைக் கொண்டு புற்றுநோய் செல்லாக மாற்றிக் காட்டிய 1999 நேச்சர் கட்டுரையில் வில்லியம் ஹான் முதலில், வெயின்பெர்க் கடைசியில். ஆனால் எப்போதும் இப்படி இருக்காது. விழித்திரைப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஆர்பி மரபணுவைப் பிடித்த 1986 நேச்சர் கட்டுரையில் ஏழு பேர். வெயின்பெர்க் நாலாவது, கடைசிப் பெயர் தாடியஸ் டிரைஜா. முதல் பெயரான ஸ்டீபன் ஃபிரெண்ட் அப்போது வெயின்பெர்க் லேபில் இருந்தவர். நடுவில் இருக்கிறது என்று அந்தக் கட்டுரையைத் தள்ளினால் பெரிய விஷயம் ஒன்றைத் தவறவிட்டிருப்போம்.

படி 5: திரும்பப் பெறப்பட்டவை

மார்பகப் புற்றுநோய் பரவுவதில் மிர்-31 என்ற மைக்ரோஆர்என்ஏவின் (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சின்ன ஆர்என்ஏ) பங்கு பற்றி இதே லேபிலிருந்து 2009-ல் செல் இதழில் வந்த கட்டுரை, 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. பப்மெட் பக்கத்திலேயே அறிவிப்பு இருக்கும். அதை முழுசாகப் படியுங்கள், என்ன குறை, யார் சொன்னார்கள் என்று பாருங்கள். ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாலேயே எல்லாரும் மோசடிக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். அதே சமயம், அதற்கு விழுந்த சைட்டேஷன்கள் மொத்தக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடாது.

படி 6: துறையோடு ஒப்பிடுங்கள்

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச் நடத்தும் ஐசைட் தளத்தில், பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் எண்களை ஒட்டினால், ஒவ்வொன்றுக்கும் ஆர்சிஆர் (ஒப்பீட்டு சைட்டேஷன் விகிதம்) என்ற எண் வரும். 1 என்றால், என்ஐஹெச் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமட்டம். துறையையும் வருடத்தையும் கணக்கில் எடுப்பதால் வெறும் எண்ணிக்கையைவிட இது எவ்வளவோ மேல்.

கைடு தேடுபவர்கள் அப்புறம் இன்னொன்றும் செய்யுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் அவர் கடைசிப் பெயராக இருக்கும் கட்டுரைகளை மட்டும் எடுத்து, முதல் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் மாணவர்களா, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, ஒருவருக்காவது மெயில் போட்டு லேப் எப்படி என்று கேளுங்கள்.